எஞ்சின் ஒரே இடத்தில் தளர்கிறதா?

எச்.ஓ. (HO, அசலில் 87-ல் ஒரு பங்கு அளவு) மாதிரி ரயிலின் வட்டப் பாதையில், மின் இணைப்புக்கு எதிர்ப்புறம் வந்ததும் எஞ்சின் மெதுவாகிறது, தண்டவாளத்தைத் துடைத்தும் பயனில்லை என்கிறீர்கள். எஞ்சினைக் கழற்றாதீர்கள். எப்போதும் ஒரே இடத்தில் தளர்ந்தால் குறை பாதையில்தான். பெரும்பாலும் தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர்களில். நாளடைவில் அவை தளர்ந்து கறுத்து மின்தடையைக் கூட்டும்.

ரயிலை ஓட்டுவது டிசி (நேர்மின்னோட்ட) கன்ட்ரோலர்தானே? எஞ்சினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 12 வோல்ட், 5 வாட் பல்பை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே இணைத்து மல்டிமீட்டரில் வோல்ட்டை அளந்து பாருங்கள். பிறகு பல்பை மின் இணைப்புக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். பல்பு இல்லாமல் அளந்தால் இரண்டு இடத்திலும் ஒரே வோல்ட் காட்டி மீட்டர் உங்களை ஏமாற்றும். மின்னோட்டம் பாய்ந்தால்தான் இழப்பு தெரியும்.

வித்தியாசம் 1 வோல்ட்டைத் தாண்டினால், பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி இரண்டை, வேறு வேறு நிறத்தில், கன்ட்ரோலரின் இரு முனைகளிலிருந்து பாதையை ஒட்டி ஓட்டுங்கள். சுமார் 1 மீட்டருக்கு ஒரு ஜோடி மெல்லிய கம்பியை அதிலிருந்து எடுத்து தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சால்டர் செய்யுங்கள். உள்பக்கம் வைத்தால் சக்கர விளிம்பு இடிக்கும். பிளக்ஸில் (சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பொருள்) ரோசின் வகை மட்டும் போதும், அமில வகை தண்டவாளத்தை அரிக்கும். இருபுறமும் ஈரத்துணி வைத்து, ஓரிரு நொடியில் முடித்துவிடுங்கள். தாமதித்தால் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும்.

ஒரு கம்பி நிறம் மாறி எதிர்த் தண்டவாளத்தில் இணைந்தாலும் ஷார்ட்தான். ஒவ்வொரு ஜோடிக்குப் பிறகும் எஞ்சினை ஓட்டிப் பாருங்கள்.