சால்ஜாப்புக்காரர் பொய்யரா?

கேள்வி: ‘சால்ஜாப்பு சொல்கிறான்’ என்கிறோமே, அந்தச் சொல் எப்படி வந்தது? பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசுபவர்கள் வைத்த நாகரிகப் பெயர்தானே அது?

பதில்: சவால் என்றால் கேள்வி, ஜவாப் என்றால் பதில். அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக இங்கே வந்தவை. வக்கீல், ஜாமீன், ஜப்தி எல்லாம் வந்த அதே பாதைதான். ‘சவால் ஜவாப்’ என்று சேர்த்துச் சொல்லிச் சொல்லி, வகரம் தேய்ந்து, கடைசியில் ஓர் உகரமும் ஒட்டிக்கொண்டு சால்ஜாப்பு ஆனது. இந்துஸ்தானி இசையில் சிதாரும் தபேலாவும் மாறி மாறி வாசிப்பதை இன்றும் சவால்-ஜவாப் என்றுதான் சொல்கிறார்கள். நம்மிடம் வந்த சொல்தான் தலைகீழாகிவிட்டது. கேள்வி-பதில் என்று பொருள்பட்டது, பதில் சொல்லாமல் நழுவுவதற்குப் பெயராகிவிட்டது. இந்தப் பக்கத்தை எழுதுகிறவனுக்கு அது வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் நாகரிகப் பெயர் என்கிறீர்களே, அதை ஏற்க முடியவில்லை. ‘கடனை எப்போது தருவீர்கள்?’ என்று கேட்டால், ‘போன வாரமே கொடுத்துவிட்டேனே’ என்பவர் பொய்யர். யார் முன்னால் கொடுத்தீர்கள் என்று மடக்கிவிடலாம். சால்ஜாப்புக்காரர், ‘நேற்றுகூட வீட்டில் உங்களைப் பற்றித்தான் பேச்சு. அவரை மாதிரி மனுஷர் உண்டா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்’ என்பார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். தேதி மட்டும் வராது. பிடி கொடுக்காத இவரை அந்தப் பொய்யரைவிட மோசமானவர் என்றே சொல்வேன்.

சுற்றி வளைத்துப் பதில் சொல்வதே தப்பு என்று சொல்லவில்லை. நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. மூன்றுதான் நேரடி விடை, மற்ற ஐந்தும் குறிப்பால் உணர்த்துபவை. ‘ஆடுவாயா?’ என்றால் ‘கால் வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல். ஆட மாட்டார் என்று கேட்டவருக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால் அதுவும் விடைதான். சால்ஜாப்பில் ஆமாம் என்பதும் கிடையாது, இல்லை என்பதும் கிடையாது. எட்டில் எதிலும் அதைச் சேர்க்க வழியில்லை.

சப்பைக்கட்டு வேறு. அது நடந்துவிட்ட தப்புக்கு முட்டுக்கொடுப்பது.

அவரைப் பொய்யர் என்றும் சொல்லிவிடாதீர்கள். ‘நான் சொன்னதில் எது பொய்?’ என்று அதிலேயே அரை மணி நேரம் ஓட்டிவிடுவார். ‘சரி, தேதி?’ என்று திரும்பவும் கேளுங்கள்.