ஐயுஐ (IUI) சிகிச்சை என்றால் என்ன? சோதனைக் குழாய் முறை எனப்படும் ஐவிஎஃப்பும் (IVF) அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஐவிஎஃப்பில் கரு உடலுக்கு வெளியே, ஆய்வகத்தில் உருவாகிறது. ஐயுஐயில் கருத்தரிப்பு வழக்கம்போல கருக்குழாயிலேயே நடக்கிறது, விந்தணு போக வேண்டிய தூரத்தை மட்டும் மருத்துவர் குறைத்துக் கொடுக்கிறார்.

கணவரின் அல்லது கொடையாளரின் விந்தை ஆய்வகத்தில் கழுவி, நன்றாக நீந்தும் அணுக்களைப் பிரித்தெடுத்து, மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். கழுவாமல் செலுத்தினால் விந்துத் திரவத்தில் இருக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கருப்பையைச் சுருங்க வைத்துக் கடும் வலியைக் கொடுக்கும். பொதுவாக மயக்க மருந்து தேவையில்லை, சில நிமிட வேலைதான். ஆனால் நேரம் ரொம்ப முக்கியம்: கருமுட்டை வெளிவர ஊசி போட்டிருந்தால், பெரும்பாலும் அதிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்தில் செய்வார்கள்.

ஒரு கருக்குழாயாவது திறந்திருக்க வேண்டும், அதைப் பரிசோதிக்காமல் ஆரம்பிக்கவே கூடாது என்பேன். ஒரு மாதவிடாய் சுழற்சியில் வெற்றி வாய்ப்பு பலருக்கும் சுமார் 10 முதல் 20 சதவீதம்தான், வயது ஏற ஏற அது இன்னும் குறையும். அதனால் முதல் முறை பலிக்கவில்லை என்றால் உடலில் ஏதோ பெரிய கோளாறு என்று தயவுசெய்து முடிவுகட்டி விடாதீர்கள். அப்புறம், கர்ப்பப் பரிசோதனையை இரண்டு வாரம் கழித்தே செய்யுங்கள், அவசரப்பட்டால் போட்ட ஊசியின் ஹார்மோனே கர்ப்பம் என்று தவறாகக் காட்டிவிடலாம்.