சரளி வரிசையில் வரும் காற்புள்ளி எதற்கு? அங்கே நிறுத்த வேண்டுமா?

மகளின் பாட்டுப் புத்தகத்தில், கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையில், "ப , ;" என்று இருக்கிறது, காற்புள்ளி வந்தால் பாட்டை நிறுத்தி மூச்சு விடணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தக் கூடாது. அது மௌனத்துக்கான குறி இல்லை. முன்னால் பாடிய ஸ்வரத்தை நீட்டச் சொல்லும் குறி. இதைக் கார்வை என்பார்கள்.

கணக்கு எளிது. ப என்ற குறில் ஒரு மாத்திரை, பா என்றால் இரண்டு. காற்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. ஆக "ப , ;" நான்கு மாத்திரை: ப-வை ஒரு முறை தொடங்கி நான்கு முடியும்வரை விடாமல் பிடிக்க வேண்டும்.

நான் மதுரை சிம்மக்கல்லில் வீணை சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். ப-வை மீட்டியதும் இடது விரலை மெட்டிலிருந்து (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டையிலிருந்து) எடுத்துவிடுவார்கள், நாதம் பொசுக்கென்று செத்துவிடும். விரலை அழுத்தியபடியே வைத்திருந்தால் தந்தி தானாக ஒலித்துக்கொண்டிருக்கும். மீனாட்சி அம்மன் கோயிலில் நாதஸ்வரம் கேட்டுப் பாருங்கள். ஒரே ஸ்வரத்தில் மூச்சு எவ்வளவு நேரம் நிற்கிறது! கார்வையின் அழகு அதுதான். மிருதங்கச் சொற்கட்டில் (தகதிமி போன்ற அடிச் சொற்களில்) மட்டும் இதே குறி இடைவெளி. கை சும்மா இருக்கும், தாளம் ஓடும்.

மேற்கத்திய இசையில் மௌனத்துக்கென்றே தனிக் குறிகள் உண்டு. அப்புறம், வளைவுக்கு அடியில் புள்ளி வைத்த ஃபெர்மாட்டா வந்தால் வாசிப்பவர் எழுதிய அளவைத் தாண்டியும் நீட்டலாம். நம் காற்புள்ளிக்கு அந்தச் சலுகை கிடையாது, தாளத்துக்குள்ளேயே நிற்க வேண்டும்.

மகளைக் கையில் தாளம் போட்டபடி "ப-அ-அ-அ" என்று பாடச் சொல்லுங்கள். இரண்டு நாளில் பிடிபட்டுவிடும்.