"ஒரு நாள் சந்திப்போம்" என்பதில் நாள் எங்கே?

நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். "ஒரு நாள் சந்திப்போம்" என்று நண்பரிடம் சொல்லியே 11 மாதம் ஓடிவிட்டது, வேலையில் நேரமே கிடைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே, "வியாழன் இரவு 8 மணிக்கு அழைக்கிறேன், 20 நிமிடம் பேசலாமா?" என்று அனுப்புங்கள்.

நீங்கள் வேலைமீது பழி போடுகிறீர்கள். எனக்கென்னவோ இது கூச்சம் என்றே படுகிறது. இடைவெளி நீள நீள, அழைப்பதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டும்போலத் தோன்றும். அந்தக் காரணம் வரவே வராது. ஆய்வாளர் பெக்கி லியூ குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வுகளில், திடீரென நலம் விசாரித்தால் மறுமுனையில் இருப்பவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை விசாரிப்பவர்கள் குறைத்தே கணித்திருந்தார்கள்.

என் ஊகத்தைச் சோதித்துப் பாருங்கள். கைபேசியின் அழைப்புப் பட்டியலில், கடந்த 30 நாளில் 10 நிமிடத்தைத் தாண்டிய அழைப்புகளை எண்ணுங்கள், அலுவலக அழைப்புகளைத் தள்ளிவிட்டு. நாலைந்து தேறினால் நேரம் இருக்கிறது, இந்த நண்பரிடம்தான் தயக்கம். ஒன்றுகூட இல்லையென்றால் நான் சொன்னது தவறு, வேலைப்பளுதான். அப்படியானால் கைவேலையோடு பேசுங்கள். நான் அக்காவிடம் பேசுவது துணி மடிக்கும்போதுதான். ஒற்றைக் காலுறைக்கு ஜோடி தேடும் நேரத்தில் மட்டும் வெறுமனே "ம்" கொட்டுவேன்; உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

ஆனால், மூன்று முறை நாள் குறித்தும் அவர் நழுவினால் சிக்கல் உங்கள் நேரத்தில் இல்லை. என்ன விஷயம் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.