அழித்த லிஸ்டிங்கும் தொலைந்த ரிவ்யூவும்

கேள்வி: குமுளியில் வீட்டிலேயே ஏலக்காய், மிளகு, கிராம்பு பாக்கெட் போட்டு அமேசானில் விற்கிறேன். கோடையில் ஏலக்காய் வரத்து குறைந்துவிடும். ஆர்டர் வந்து கேன்சல் செய்ய நேரக்கூடாது என்று லிஸ்டிங்கையே டெலீட் செய்துவிடுவேன். ஆடி பிறந்ததும் படம், விவரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுவேன். இந்த வருஷம் அப்படிப் போட்டபோது பழைய ரிவ்யூ ஒன்றுகூட இல்லை. 60-க்கு மேல் இருந்தது! ஒருமுறை எழுதியதைச் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வழி உண்டா? கம்பத்தில் அண்ணனுக்குக் கிடங்கு இருக்கிறது. இனி அங்கிருந்து அனுப்பலாமா என்றும் யோசிக்கிறேன்.
— பெயர் வேண்டாம், குமுளி

பதில்: முதலில் அந்த 60 ரிவ்யூவைத் தேடுவோம். அவை அழிந்திருக்க வாய்ப்பு குறைவு. அமேசானில் ரிவ்யூ ஒட்டியிருப்பது ஏசின் எண்ணோடு, அதாவது பொருளின் பக்கத்துக்கு அமேசான் தரும் அடையாள எண்ணோடு. நீங்கள் அழித்தது உங்கள் எஸ்கேயுவை, அதாவது அந்தப் பொருளுக்கு விற்பவராக நீங்கள் வைத்த குறியீட்டை. பொருளின் பக்கம் பெரும்பாலும் அப்படியேதான் கிடக்கும், விற்க ஆள் இல்லாமல். போன வருஷத்து ஆர்டர் ரிப்போர்ட்டைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் எஸ்கேயுவும் எழுத்தும் எண்ணுமாகப் பத்து இடம் கொண்ட ஏசினும் இருக்கும். அந்த ஏசினை 'பொருள் சேர்' பகுதியில் தேடுங்கள். வந்துவிட்டால் அதன்மேலேயே உங்கள் விலையையும் இருப்பையும் போட்டு விற்கலாம். ரிவ்யூ அங்கேயே இருக்கும்.

இந்த வருஷம் புதிதாகப் போட்டதை என்ன செய்வது? ஒரே பொருளுக்கு இரண்டு பக்கம் இருப்பது டூப்ளிகேட். அமேசான் விதிக்கு விரோதம். செல்லர் சப்போர்ட்டில் இரண்டு ஏசினையும் கொடுத்து, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி, இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிராண்ட் பெயர், எடை, பார்கோடு மூன்றும் இரண்டு பக்கத்திலும் பொருந்தியிருந்தால் வேலை சுலபம்.

இனிமேல் சீசன் முடிந்தால் டெலீட் பக்கமே போக வேண்டாம். இருப்பை 0 ஆக்குங்கள், அல்லது 'குளோஸ் லிஸ்டிங்' கொடுங்கள். வாங்குபவர் உங்களிடமிருந்து அதை வாங்க முடியாது, ஆர்டரும் வராது. எழுதியது அத்தனையும் உள்ளே இருக்கும். காய் வந்ததும் எண்ணிக்கையைப் போட்டால் முடிந்தது. தப்பித் தவறி டெலீட் செய்துவிட்டால், அதே எஸ்கேயுவைத் திரும்பப் போட 24 மணி நேரம் பொறுங்கள். அவசரப்பட்டால் பிழை காட்டி இழுத்தடிக்கும்.

'காப்பி லிஸ்டிங்' என்பது வேறு காரியத்துக்கு. 8 மி.மீ. ஏலக்காய்க்கு எழுதியதை 7 மி.மீ. காய்க்கு எடுத்து மாற்றிக்கொள்ள அது உதவும். அதே பொருளைத் திரும்பத் திறக்க அதைப் பயன்படுத்தினால் மறுபடியும் டூப்ளிகேட்தான். இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது: ஏலக்காய் பக்கத்தில் ரிவ்யூ நிறைய இருக்கிறதே என்று அதிலேயே படத்தையும் பெயரையும் மாற்றி மிளகு விற்பது. கணக்குக்கே ஆபத்து, செய்யாதீர்கள்.

உங்கள் அசல் கேள்வி சேமிப்பது பற்றி. சேமிக்கும் இடம் தளமாக இருக்கக்கூடாது, உங்கள் கையில் உள்ள ஒரு கூகுள் ஷீட்டாகவோ எக்செல்லாகவோ இருக்க வேண்டும். ஒரு எஸ்கேயுவுக்கு ஒரு வரி. எஸ்கேயுவில் பொருள், அளவு, எடை மூன்றும் தெரிந்தால் போதும். 'ஏலம்-8-100' என்கிற மாதிரி, ஆங்கில எழுத்தில். விலையையோ வருஷத்தையோ அதில் சேர்க்காதீர்கள், எஸ்கேயுவைப் பிறகு திருத்த முடியாது.

எடையை ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் எழுதுங்கள். தலைப்பிலும் விவரத்திலும் அந்தக் கட்டத்திலிருந்தே ஃபார்முலா வழியாக வரட்டும். காப்பி அடித்த லிஸ்டிங்கில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்: தலைப்பில் 50 கிராம், விவரத்தில் பழைய 100 கிராம். வாங்கியவர் 'பாதிதான் வந்தது' என்று திருப்பி அனுப்புவார், நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும்.

அடுத்தது உங்கள் தொழிலுக்கென்றே வாய்த்த தலைவலி. மசாலாப் பொருள்களின் எச்எஸ்என் எண் (ஜிஎஸ்டி-க்கான பொருள் வகை எண்) பூஜ்யத்தில் தொடங்குகிறது: ஏலக்காய் 0908, மிளகு 0904, கிராம்பு 0907. எக்செல்லில் சும்மா அடித்தால் முதல் 0 உதிர்ந்து 908 ஆகிவிடும். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் (உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்) 13 இலக்க பார்கோடும் புள்ளி வைத்த சுருக்க எண்ணாகக் குறுகிவிடும். கட்டத்தைச் சொடுக்கினால் முழு எண் தெரிகிறதே என்று விட்டுவிடுவோம். ஆனால் சிஎஸ்வி-யாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் கண்ணுக்குத் தெரிந்த சுருக்கம்தான் பதிவாகும். அடுத்த முறை திறக்கும்போது கடைசி இலக்கங்கள் எல்லாம் 0. அசல் எண் போயே போச்சு. அதனால் எண்ணை அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். அடித்த பிறகு மாற்றினால் உதிர்ந்த 0 திரும்பி வராது. தமிழில் விவரம் எழுதியிருந்தால் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். சாதா சிஎஸ்வி-யில் தமிழெல்லாம் கேள்விக்குறி வரிசையாகிவிடும்.

தேடல் சொற்களுக்கு (வாங்குபவர் தேடும்போது பொருள் அகப்பட அமேசானில் நிரப்பும் சொற்கள்) தனி நெடுவரிசை வையுங்கள். அங்கே அளவு எழுத்தில் அல்ல, பைட்டில், அதாவது கணினியில் எழுத்து பிடிக்கும் இடத்தில். 'ஏலக்காய்' என்று தமிழில் எழுதினால் 24 பைட் போகும். ஆங்கில எழுத்தில் அதே சொல் 7 பைட்டில் முடியும். மலையாளத்து ஏலக்கா, இந்திக்காரர் தேடும் இலாய்ச்சி எல்லாவற்றையும் ஆங்கில எழுத்திலேயே போடுங்கள். நம் ஊரில் 'ஏலம்' என்றாலே காய்தான்; புத்தடியிலும் போடியிலும் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள். சென்னையில் தேடுபவருக்கு அது வேறு ஏலம். 'காய்' சேர்த்தே எழுதுங்கள்.

இந்த ஷீட்டில் விலை வேண்டாம். ஏலக்காய் விலை ஒவ்வொரு ஏலத்துக்கும் ஆடும். அதற்குத் தனித் தாள். எம்ஆர்பி மட்டும் பாக்கெட்டில் அச்சான லேபிளைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கையால் போடுங்கள். 100 கிராம் ₹450 என்றால் லேபிளில் கிராமுக்கு ₹4.50 என்ற கணக்கும் இருக்க வேண்டும். எடை மாறினால் அதுவும் மாறும். 'இந்த வருஷத்துப் புதுக் காய்' போன்ற வரிகளையும் எழுதாதீர்கள், அடுத்த ஆடியில் அவை பொய்யாகிவிடும்.

ஏற்றும்போது இரண்டு எச்சரிக்கை. போன வருஷம் இறக்கிய அமேசான் டெம்ப்ளேட்டை (பொருள்களை மொத்தமாக ஏற்றும் எக்செல் படிவம்) இந்த வருஷம் ஏற்றாதீர்கள், நெடுவரிசைகள் மாறியிருக்கும். புதிதாக இறக்கி, உங்கள் ஷீட்டிலிருந்து மதிப்பாக மட்டும் (ஃபார்முலா இல்லாமல், 'பேஸ்ட் வேல்யூஸ்') ஒட்டுங்கள். விலையையோ இருப்பையோ மட்டும் மாற்றும்போது 'பார்ஷியல் அப்டேட்' கொடுங்கள். 'ஃபுல் அப்டேட்' கொடுத்தால், நிரப்பாமல் விட்ட கட்டம் ஒவ்வொன்றும் ஏற்கெனவே உள்ள விவரத்தைத் துடைத்துவிடும். டெலீட் செய்யாமலேயே டெலீட் செய்த கதை ஆகிவிடும்.

படங்களுக்கு எஸ்கேயு பெயரிலேயே ஃபோல்டர் வைத்து, கேமராவில் எடுத்த மூலப் படத்தைப் போட்டு வையுங்கள். தளத்திலிருந்து இறக்குவது சுருக்கப்பட்ட படம். முதல் படம் சுத்த வெள்ளைப் பின்னணியில், பொருள் 85 சதவீத இடத்தை நிரப்பி, நீளப் பக்கம் 1000 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். லேபிள் தெரியும் படம் இருந்தால், லேபிள் மாறும்போது அந்தப் படமும் மாற வேண்டும்.

கம்பம் கிடங்கு விஷயம். உங்கள் ஜிஎஸ்டி எண் 32-ல் தொடங்கும், அது கேரளம். கம்பத்திலிருந்து சரக்கு கிளம்பினால் அது தமிழ்நாட்டு விற்பனை. 33-ல் தொடங்கும் தனிப் பதிவு வேண்டும். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் இடத்துக்கு இடம் தனி. அங்கே பாக்கெட் போட்டால் லேபிளில் பாக்கெட் செய்தவர் முகவரி கம்பம் ஆகும். லிஸ்டிங்கிலும் அதுவே வர வேண்டும். காப்பி செய்த லிஸ்டிங்கில் குமுளி முகவரியும் பழைய எண்ணும் ஒட்டிக்கொண்டே வருவது இங்கேதான் வினையாகும். ஷீட்டில் ஜிஎஸ்டி எண், எஃப்எஸ்எஸ்ஏஐ எண், முகவரி மூன்றையும் இடவாரியாகத் தனி நெடுவரிசைகளாக வைத்து, கம்பம் வழி போகும் பாக்கெட்டுக்குத் தனி எஸ்கேயு கொடுங்கள். 33 எண் கைக்கு வரும்வரை பிக்கப் முகவரியைக் குமுளியிலிருந்து மாற்ற வேண்டாம்.