லாம்டா பெரிதானால் கணினி திணறுகிறதா?

கேள்வி: இரு முனையும் கட்டிய கம்பி. நீளம் 1, இழுவிசை 1. அடர்த்தி மட்டும் இடது முனையிலிருந்து (1 + தூரம்)² என்று ஏறுகிறது. அதிர்வெண்ணான லாம்டா பெரிதாகப் பெரிதாக, வகைக்கெழுச் சமன்பாட்டைக் கணினியில் தீர்க்க மிக நுண்ணிய படிகள் தேவைப்படுகின்றன. கையாலேயே போடும் தோராயம் உண்டா? எதுவரை நம்பலாம்?

பதில்: உண்டு. லாம்டா பெரிதாவது கணினிக்குத்தான் தொல்லை, நமக்கு லாபம். லியூவில், கிரீன் என்ற கணிதவியலாளர்கள் இருவரும் 1837-லேயே தனித்தனியாகக் கண்ட வழி இது. இயற்பியல்காரர்கள் 1926-க்குப் பிறகு டபிள்யூ.கே.பி. முறை (வென்ட்செல், கிராமர்ஸ், பிரில்லுவான் ஆகியோரின் முதலெழுத்துகள்) என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.

அடர்த்தியின் வர்க்கமூலத்தைக் கம்பி நெடுகத் தொகையிடுங்கள். உங்கள் கம்பியில் அது (1 + தூரம்). 0 முதல் 1 வரை தொகையிட்டால் 1.5. லாம்டா × 1.5 என்பது பையின் (3.1416) முழு மடங்காக வரவேண்டும், அவ்வளவுதான். முதல் மதிப்பு 2.094, நூறாவது 209.4. அலையின் உயரம் அடர்த்தியின் நான்காம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். அதனால் அடர்த்தி 4 ஆகிவிடும் வலது முனைப் பக்கம் அலை நெருங்கியும், உயரம் சுமார் 0.7 மடங்காகத் தாழ்ந்தும் இருக்கும்.

எதுவரை நம்பலாம்? லாம்டா எவ்வளவு பெரியது என்பதைவிட, ஓர் அலைநீளத்துக்குள் அடர்த்தி எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். கொஞ்சமாக மாறினால் கவலையில்லை. சொல்லப்போனால், உங்கள் கம்பியின் முதல் அதிர்வில் இந்த நிபந்தனையே பொருந்தாது. அரை அலைக்குள்ளேயே அடர்த்தி நான்கு மடங்காகிறது. ஆனாலும் பிழை 2 சதவீதத்துக்குள்தான். பத்தாவதில் 0.02 சதவீதம். இப்படித் தாராளமாக ஒத்துழைக்கும் தோராயம் எனக்குத் தெரிந்து குறைவு.

ஆனால் அடர்த்தி இருக்கும் இடத்தில் வேறொரு கெழு வந்து, அது நடுவில் பூஜ்யத்தைக் கடந்து குறி மாறினால் கதை வேறு. குவாண்டம் கணக்குகளில் இது சகஜம். நான்காம் மூலம் வகுதியில் இருப்பதால் வாய்ப்பாடு அங்கே முடிவிலிக்கு ஓடும். உண்மைத் தீர்வோ சாதுவாக இருக்கும். அந்தத் திரும்பு புள்ளியை ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டும், ஏரி (Airy) என்பவரின் பெயர்கொண்ட சார்பை வையுங்கள். வானவில்லின் ஒளிச்செறிவைக் கணக்கிட 1838-ல் வந்த அதே சார்பு. பட்டையின் அகலம் லாம்டாவின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு எதிர்விகிதம். கெழுவின் சரிவு 1 அளவில் இருந்து லாம்டா 1000 என்றால் ஏறத்தாழ 0.01. அப்புறம், இரு பக்கத் தீர்வுகளையும் ஒட்டும்போது அலைவுப் பக்கத் தீர்வின் கட்டத்தில் (phase) பையின் கால் பங்கை (π/4) சேர்க்க மறக்காதீர்கள். விட்டுவிட்டால் எல்லா ஐகன் மதிப்புகளும் (தீர்வு கிடைக்கும் லாம்டாக்கள்) இடம் தள்ளி நிற்கும்.