ஃபோன பறிக்கவா, விடவா?

கேள்வி: அக்கா, மகன் இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை எழுதுறான். பாடமெல்லாம் வாட்ஸ்அப்ல தான் வருதுன்னு ஃபோனும் கையுமா இருக்கான், எட்டிப்பாத்தா டிக்டாக் ஓடுது. மழையும் விட்டபாடில்ல, மண்சரிவு பயம் வேற. ஃபோன வாங்கி வச்சிரவா?
– ஒரு அம்மா, தலவாக்கலை

பதில்: வேணாம் தங்கச்சி. மழைக்கு ஸ்கூல் இருக்கா இல்லையான்னு தெரியுறதே அந்த குரூப்ல தானே. ஆனா குட்மார்னிங் பூவுக்கெல்லாம் நடுவுல தான் கணக்கு வாத்தியார் போட்ட பேப்பர் கெடக்கும், அத தேடப்போன புள்ள அப்படியே டிக்டாக்குக்கு வழுக்கிப் போயிரும், நம்ம மட்டும் என்னவாம், நானும் ரீல்ஸ் பாத்துக்கிட்டே பருப்புச்சட்டிய கருக்குனவ தான். பரீட்சைத் திணைக்கள சைட்ல பழைய பேப்பர் இருக்கு, கல்வி அமைச்சோட இ-தக்சலாவ சைட்ல தமிழ் மீடியம் பாடம் இருக்கு, சிக்னல் கெடைக்கிற எடத்துல டவுன்லோட் பண்ணிட்டு, டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு செய்யச் சொல்லுங்க. வம்பு குரூப்ப 8 மணித்தியாலம் மியூட்ல போடலாம். ஆண்ட்ராய்டுனா செட்டிங்ஸ்ல டிஜிட்டல் வெல்பீயிங்னு ஒன்னு இருக்கும், அதுல டிக்டாக்குக்கு 30 நிமிஷம் டைமர் வைங்க, ஒளிச்சு இல்ல, அவன பக்கத்துல வச்சிக்கிட்டே. மண்சரிவுன்னு ஃபோர்வர்ட் வந்தா பதறாம 117க்கு அடிச்சு கேளுங்க, அனர்த்த முகாமைத்துவ நிலையம் நம்பர் அது. ராவைக்கு ஃபோன் உங்க தலமாட்டுல சார்ஜ் ஆகட்டும்.